ஒரு கிற்றார், ஒரு குரல், ஒரு போன்: பெரிய றொக் பாட்டைத் தனியப் பாடிப் பதியிறது எப்பிடி

றொக் பாட்டு எண்டவுடன ட்ரம்ஸ், டிஸ்ரோர்ஷன் போட்டுச் சத்தத்தைக் கரகரப்பாக்கின கிற்றார், ஆளுயர ஸ்பீக்கர் எண்டுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். கிளிநொச்சியிலயோ மாங்குளத்திலயோ முள்ளியவளையிலயோ ஒரு சாதாரண அக்கூஸ்டிக் கிற்றாரோட இருக்கிற பிள்ளையளுக்கு உதுகள் ஒண்டும் கைக்கு எட்டாது, பாண்ட் ஒண்டு சேர்ப்பம் எண்டா ட்ரம்ஸ் அடிக்கிறவன் வவுனியாவில இருப்பான் பேஸ் அடிக்கிறவன் வெளிநாடு போட்டான் எண்டு கதை வரும், அதால "உது எங்களுக்குச் சரிவராது" எண்டுபோட்டு சினிமாப் பாட்டோட நிண்டிடுவினம். ஆனா அந்தப் பெரிய பாட்டுகள் கனக்க, முதல்முதல் ஒரு ஆள் வீட்டில தனிய இருந்து ரேப்பில பதிஞ்சதுதான். அந்தப் பதிவுகள் இப்ப வெளியால வந்திருக்கு, போனிலயே கேக்கலாம். தனியப் பாடப் பழகிறவைக்கு அதைவிடத் திறம் வாத்தியார் இல்லை.

இது ஏழெட்டுக் கோர்ட் பிடிக்கத் தெரிஞ்ச, ஆனா இன்னும் ஒண்டும் பதிஞ்சு பாக்காத ஆக்களுக்கு எழுதிறது. ஒண்டை முதலே சொல்லிப்போடுறன். கனபேர் பாட்டைக் கழட்டுறது, அதாவது பாண்ட் பாட்டை ஒரு கிற்றாருக்கும் ஒரு குரலுக்கும் கொண்டுவாறது எண்டா எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் குறைச்சு மெல்லிசா வாசிக்கிறது எண்டு நினைக்கினம், அப்பிடிச் செய்தா சூப்புக்குத் தண்ணி விட்ட கணக்குத்தான். பாட்டில எது அதைத் தூக்கி நிப்பாட்டுது எண்டு கண்டுபிடிச்சு அதை முழுசா வைச்சிருங்கோ, மிச்சத்தைத் துணிஞ்சு எறியுங்கோ. கீழ சொல்லுற எல்லா வேலையும் இதுக்குத்தான்.

முதல்ல கேளுங்கோ, கிற்றாரைத் தொடாதேங்கோ

டெமோ எண்டு தேடினா எல்லாம் கலந்துதான் வரும், அதால பிரிக்கத் தெரிஞ்சிருக்கோணும். பாட்டு ஸ்ரூடியோவுக்குப் போக முதல், எழுதின ஆள் பாண்டுக்குக் காட்டவோ தான் மறக்காமல் இருக்கவோ பதிஞ்சது டெமோ. ஸ்ரூடியோவுக்குள்ள எடுத்து அல்பத்தில போடாமல் விட்ட ரேக் (ஒரு தரம் பாடிப் பதிஞ்சது) வேற. பாட்டுப் பிரபலமான பிறகு அதே ஆள் மேடையில தனிய நிண்டு பாடுறது வேற. அன்பிளக்ட் நிகழ்ச்சி வேற, அதில அனேகமா முழு பாண்டும் இருக்கும், கையில இருக்கிறது அக்கூஸ்டிக் கிற்றார் அவ்வளவுதான். இப்ப புதுசா இன்னொண்டு கிளம்பியிருக்கு, ஒரிஜினல் பாட்டை ஏஐ மென்பொருளுக்குள்ள போட்டு ட்ரம்ஸையும் பேஸையும் உரிச்செடுத்துப்போட்டு 'அக்கூஸ்டிக் டெமோ' எண்டு தலைப்புக் குடுத்து ஏத்துறது. அதைக் கேட்டுப் பழகாதேங்கோ, அது பாண்டோட சேர்ந்து வாசிச்ச கை, தனிய நிக்க வாசிச்ச கையில்லை. குரலுக்குப் பின்னால சிம்பல் அடிச்ச மிச்சம் நெளிஞ்சு நெளிஞ்சு கேட்டா அனேகமா அந்தச் சரக்குத்தான்.

தொடங்க நல்ல சாமான் எண்டா பீற்றில்ஸ்சின்ர ஜோர்ஜ் ஹரிசன் எழுதின 'வைல் மை கிற்றார் ஜென்ட்லி வீப்ஸ்'. 1968 நவம்பரில வந்த அல்பத்தில இருக்கிறது பாரமான பாண்ட் பாட்டு, எரிக் கிளப்டன் வந்து லீட் கிற்றார் வாசிச்சிருப்பார். அதே வருசம் யூலை 25 ஆம் திகதி ஹரிசன் அக்கூஸ்டிக் கிற்றாரோட பாடின ரேக் ஒண்டு 1996 இல வந்த 'அந்தொலொஜி 3' இல இருக்கு, பின்னால ஒரு ஹார்மோனியம் மட்டும் மெல்லிசாக் கேக்கும். ரெண்டையும் ஹெட்செற் போட்டு அடுத்தடுத்துக் கேளுங்கோ. கிளப்டன் வாசிச்ச இடமெல்லாம் வெறுமையா இருக்கு, எண்டாலும் பாட்டு விழேல்லை. ஏன்? கோர்ட்டுகளின்ர அடி நோட்டைக் கவனியுங்கோ, ஏ மைனரில பிடிச்சா ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப் எண்டு படி படியா இறங்கிக்கொண்டு வருது. அந்த இறக்கம்தான் பாட்டைத் தூக்கி வைச்சிருக்கு, அதுக்கு ஒரு கிற்றார் காணும். அல்பத்தில இல்லாத ஒரு அடியும் அந்த ரேக்கில பாடுறார், அதையும் பாருங்கோ. அதே வருசம் மே மாசம் ஈஷரில இருந்த ஹரிசன்ர வீட்டில அவை கூடியிருந்து நாலு ட்ராக் ரேப் மெசினில பதிஞ்ச 27 டெமோவும் 2018 இல முழுசா வெளிவந்தது, சிரிப்பு, கை தட்டல் எல்லாத்தோடயும்.

அடுத்தது அமெரிக்க றொக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன்ர 'நெப்ராஸ்கா' அல்பம், 1982. சாமான் சக்கட்டு இல்லை எண்டு அழுகிற ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய கதை இது. நியூ ஜேர்சியில கோல்ட்ஸ் நெக் எண்ட இடத்தில ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறை, சாதாரண கசெற்றில நாலு ட்ராக் பதியிற ரீயாக் போர்ட்டாஸ்ரூடியோ 144 மெசின் ஒண்டு, ஷூவர் எஸ்எம் 57 மைக் ரெண்டு, மிக்ஸ் பண்ணி இறக்கினது ஒரு பனசோனிக் கசெற் றேடியோவில. பாண்டுக்குக் காட்டத்தான் பதிஞ்சவர், பேந்து பாண்டோட ஸ்ரூடியோவுக்குப் போய் வாசிச்சுப் பாத்தா பாட்டு எழும்பேல்லை, கடைசியா பொக்கற்றுக்குள்ள கவரும் இல்லாமல் கொண்டு திரிஞ்ச அந்தக் கசெற்றையே அல்பமா விட்டவை. உங்கட கையில இருக்கிற மலிஞ்ச போன் அந்தக் கசெற் மெசினை விடச் சுத்தமாப் பதியும், அதால கருவியில பழி போடுறதை இண்டையோட விடுங்கோ.

அதே காலத்தில 'போர்ன் இன் த யூஎஸ்ஏ' பாட்டையும் வீட்டில தனியப் பாடிப் பதிஞ்சு வைச்சவர், அது 1998 இல 'ட்ராக்ஸ்' எண்ட தொகுப்பில வந்தது. 1984 இல பாண்டோட வந்த பாட்டைக் கேட்டிட்டுக் கனபேர் அதை நாட்டுப்பற்றுப் பாட்டு எண்டு கொடி பிடிச்சவை. வியட்நாம் சண்டைக்குப் போட்டுத் திரும்பி வந்து, வேலையும் இல்லாமல் போக்கிடமும் இல்லாமல் நிக்கிற ஒருத்தன்ர கதை அது. தனியப் பாடினதைக் கேட்ட ஒருத்தரும் அப்பிடிப் பிழையா விளங்கமாட்டினம், அந்த மேளச் சத்தம் போனவுடன சொல்லுகள் முன்னுக்கு வந்து நிக்குது. சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்புறது என்ன எண்டு இஞ்ச ஆருக்கும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை, அதால இதைப் பழகிறவைக்கு நான் சொல்லுறது ஒண்டுதான், அந்தப் பல்லவியைக் கத்தாதேங்கோ.

மேடையில ஒரு ஆள் தனிய எண்டா நீல் யங் 1971 இல ரொறன்ரோ மாசி ஹோலில பாடினது, 2007 இல வெளிவந்தது. அடுத்த வருச அல்பத்தில வரப்போற பாட்டுகளைச் சனம் முதல்முதல் கேக்குது, ஆள் கிற்றாரையும் பியானோவையும் மாத்தி மாத்தி வாசிக்கிறார்.

கேக்கேக்க ஒரு கொப்பியில நடுவில கோடு கீறி ஒரு பக்கம் பாண்ட் பாட்டு, மறுபக்கம் தனிப் பாட்டு எண்டு எழுதுங்கோ. வேகம் கூடியிருக்கோ குறைஞ்சிருக்கோ, குரல் இறங்கியிருக்கோ, முகப்பு வாசிப்பு இருக்கோ, சொல்லு மாறியிருக்கோ, முக்கியமா எது இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியவே இல்லை. கடைசிக் கேள்விதான் காசு பெறுமதி. இல்லாமல் போனது தெரியாட்டி அது தேவைப்படேல்லை எண்டுதான் அர்த்தம்.

பாட்டுத் தெரிவு

கிற்றார் இல்லாமல், மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி கட்டேக்கயோ சைக்கிள் ஓடேக்கயோ அந்தப் பாட்டை முதல் இருந்து கடைசி வரை பாடிப் பாருங்கோ. அலுக்காமல் போகுதெண்டா அது கழட்டத் தக்க பாட்டு. பாடுறதை விட்டுட்டு வாயால "டட் டடடா" எண்டு கிற்றாரைத்தான் பாடுறியள் எண்டா அது முழுக்க முழுக்க றிஃபில, அதாவது திருப்பித் திருப்பி வாற கிற்றார் துண்டில நிக்கிற பாட்டு, முதல் பாட்டா அதை எடுக்காதேங்கோ. நாலைஞ்சு கோர்ட், நாலு நிமிசத்துக்குள்ள முடியிற ஒண்டு, ஆங்கிலச் சொல்லுகள் உங்களுக்கு வடிவா விளங்கின ஒண்டு. விளங்காத சொல்லைத் தனியப் பாடினா ஒளிக்க இடமில்லை, ட்ரம்ஸ் வந்து மூடாது.

குரலுக்கு ஏத்த கீ (சுருதி)

றொக் பாட்டுகாரர் கனபேர் தொண்டை கிழியிற உச்சத்தில பாடுவினம், பின்னால இருக்கிற சத்தத்துக்கு மேலால குரல் வரோணும் எண்டு. நீங்கள் அறைக்குள்ள தனிய இருந்து பாடேக்க அந்த உச்சம் தேவையில்லை. பாட்டில ஆக மேல போற ஒரு அடியை எடுத்து, கத்தாமல் பாடக்கூடிய இடத்துக்கு இறக்குங்கோ, அதோட ஆகக் கீழ போற அடியும் கேக்குதோ எண்டு பாருங்கோ. உதாரணத்துக்கு பாட்டு பி மேஜரில எண்டா நாலு அரைப் படி இறக்கினா ஜி, கை வைக்கவும் சுகம். ஜி இன்னும் கொஞ்சம் பதிவா இருக்கெண்டா அதே ஜி கோர்ட்டுகளைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டாம் கட்டில கேப்போவை (கம்பியளைக் குறுக்கால அமத்திப் பிடிக்கிற கிளிப்) போடுங்கோ, ஏ ஆயிடும். கேப்போ இல்லாட்டி முழுக் கிற்றாரையும் அரைப் படி இறக்கி ரியூன் பண்ணலாம், 1993 நவம்பர் 18 ஆம் திகதி நியூயோர்க்கில நிர்வானா பாண்ட் செய்த அன்பிளக்ட் நிகழ்ச்சியிலயும் அப்பிடித்தான் இறக்கி வைச்சிருந்தவை. அந்த நிகழ்ச்சியில 'பெனிரோயல் ரீ' எண்ட பாட்டை மட்டும் கேர்ட் கோபேன் தனியப் பாடினவர், தேடிக் கேளுங்கோ. அதில இன்னொரு பகிடி, பேர்தான் அன்பிளக்ட், அவர்ர அக்கூஸ்டிக் கிற்றார் அம்ப்ளிஃபையருக்குள்ளால போய்த்தான் வருது.

குரல் நல்லாயில்லை எண்டு தயங்கிற ஆக்கள் ஜொனி காஷ் 2002 இல பாடின 'ஹேர்ட்' பாட்டைக் கேக்கோணும். அது நைன் இஞ்ச் நெய்ல்ஸ் பாண்டின்ர 1994 பாட்டு. காஷுக்கு அப்ப எழுபது வயசு, வருத்தக்காரன், குரல் நடுங்குது, அதை ஒருத்தரும் மறைக்கப் பாக்கேல்லை. ஒரிஜினல் பாடினவரைப் போலப் பாட வெளிக்கிட்டிருந்தா அந்தப் பாட்டே இருந்திராது.

கிற்றாரில எதை வைக்கிறது எதை எறியிறது

இதில ஆறுதலா நில்லுங்கோ, மற்றதெல்லாம் ஒரு பின்னேரத்தில பழகலாம்.

றொக் பாட்டுக்குக் கோர்ட் தேடினா கனக்க இடத்தில பவர் கோர்ட் எண்டு வரும், அடி நோட்டும் அஞ்சாம் நோட்டும் மட்டும். டிஸ்ரோர்ஷன் போட்டு வாசிக்கேக்க அந்த ரெண்டு நோட்டிலயிருந்தே மேல் சத்தங்கள் எக்கச்சக்கமாக் கிளம்பி இடத்தை நிரப்பிடும். அதையே அக்கூஸ்டிக்கில வாசிச்சா பல்லுக் கொட்டின வாய் மாதிரி ஒரு வெறுமை, மேஜரும் இல்லை மைனரும் இல்லை. மூண்டாம் நோட்டை நீங்கள்தான் சேர்க்கோணும். மேஜரோ மைனரோ எண்டது பாடுற மெட்டிலதான் இருக்கு, அந்த இடத்தில குரல் எந்த நோட்டில நிக்குது எண்டு கிற்றாரில தடவிப் பாருங்கோ, இல்லாட்டி ரெண்டு கோர்ட்டையும் அடிச்சுப் பாடிப் பாருங்கோ, ஒண்டு உடன கடிக்கும். கடிக்காதது சரி. ரெண்டும் கடிக்கேல்லை எண்டா அது உங்கட இஷ்டம், அங்கதான் பாட்டு கொஞ்சம் உங்கடதாகுது.

பிறகு றிஃப். எல்லாருக்கும் தெரிஞ்ச றிஃபை விடப் பயமா இருக்கும், சனம் அதைத்தானே எதிர்பாக்குது எண்டு. கிளப்டனைப் பாருங்கோ. 1970 இல டெரெக் அண்ட் த டொமினோஸ் பாண்டோட பதிஞ்ச 'லைலா' தொடங்கிறதே அந்த றிஃபிலதான், உலகம் முழுக்கத் தெரியும். 1992 அன்பிளக்டில அதே ஆள் அந்த முகப்பு வாசிப்பைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, வேகத்தைக் குறைச்சு, ஆடி அசைஞ்சு போற தாளத்தில பாடினவர், ஒரிஜினலில கடைசியா வாற நீட்டுப் பியானோப் பகுதியும் இல்லை. தொடங்கினவுடன அங்க இருந்த சனத்துக்கே என்ன பாட்டெண்டு பிடிபட நேரம் எடுத்தது. றிஃபை எறிய மனமில்லாட்டி முழுதையும் வாசிக்காமல் அதின்ர முதல் மூண்டு நாலு நோட்டை மட்டும் அடிகளுக்கு இடையில ஒருக்கா தொட்டுக் காட்டிட்டு விடுங்கோ. காணும்.

ட்ரம்ஸ்சுக்குப் பதில் உங்கட பெருவிரல். ஆறாம் அஞ்சாம் கம்பியில பெருவிரல் தாளத்தின்ர ஒண்டாம் மூண்டாம் தட்டில விழுந்துகொண்டே இருக்கட்டும், மிச்ச விரல் மேல் கம்பியளில. வலக்கை உள்ளங்கையின்ர விளிம்பை பிரிட்ஜில (கம்பியள் கிற்றார் உடம்பில பூட்டியிருக்கிற இடம்) மெல்லிசா வைச்சு அமத்தினா சத்தம் செத்து "டுக் டுக்" எண்டு வரும், அடியைப் பாடேக்க அப்பிடி அமத்தி வாசிச்சுப்போட்டு பல்லவிக்குக் கையை எடுத்தீங்களெண்டா பாண்ட் உள்ளுக்கு வந்த எழுப்பம் அதிலயே வந்திடும். இது ஒண்டைத் தெரிஞ்சு வைச்சிருந்தாலே பாதிப் பாட்டுகள் உயிரோட நிக்கும். முதல் வரியிலயே முழுப் பலத்தையும் போட்டு அடிக்கிறவைக்குப் பல்லவியில போக இடமிருக்காது.

லீட் கிற்றார் சோலோ வாற இடத்தை வெட்டுங்கோ. இல்லாட்டி அரைவாசி நீளத்துக்கு சும்மா கோர்ட்டை வாசிச்சு விடுங்கோ, அதில கேக்கிறவன் மூச்சு விடட்டும். விசிலடிக்கத் தெரிஞ்சா அடியுங்கோ.

வேகத்தைப் பற்றி என்ர ஒரு கடுப்பைச் சொல்லோணும். தனிப் பாட்டு எண்டா எதையும் இழுத்து இழுத்து, மூச்சுக் காத்தோட, செத்தவீட்டில நிண்டு பாடுற கணக்காப் பாடுறது இப்ப ஒரு வருத்தமாப் போச்சு. கோபமான பாட்டை மெதுவாக்கினா சோகமாகாது, கோபம் போயிடும், அவ்வளவுதான் நடக்கும். முதல்ல ஒரிஜினல் வேகத்திலயே தனிய வாசிச்சுப் பாருங்கோ, சொல்லுகள் ஓடி விழுதெண்டா மட்டும் கொஞ்சம் குறையுங்கோ. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பழக்கிறதைப் பாத்திருந்தா உங்களுக்குத் தெரியும், அண்ணாவியார் தனிய இருந்து கோவலனுக்கும் கண்ணகிக்கும் அரசனுக்கும் தானே பாடிக் காட்டுவார், உடுப்பும் இல்லை மேடையும் இல்லை, ஆனா கோபத்துக்குப் பாடுற மெட்டை ஒருநாளும் அழுகிற வேகத்தில பாடமாட்டார்.

அறை

போன் எவ்வளவு நல்லதெண்டாலும் அறை கெட்டதெண்டா பதிவு கெட்டதுதான். வீட்டுத்திட்டத்தில கட்டின வீடுகளில சாமான் குறைஞ்ச அறை எண்டா சீமெந்துச் சுவரும் வெறும் நிலமும் சத்தத்தை அப்பிடியே திருப்பி அனுப்பும், நடுவில நிண்டு ஒருக்கா கை தட்டிப் பாருங்கோ, "டங்" எண்டு ஒரு வால் கேட்டா அந்த அறை வேண்டாம். பழைய மண் வீடு, கிடுகுக் கூரை எண்டா அதிர்ஷ்டம், ஓலையும் மண்ணும் சத்தத்தைக் குடிச்சிடும். வெட்டு முடிஞ்ச கையோட நெல்லு மூட்டை அடுக்கி வைச்சிருக்கிற அறை இருந்தா அதைவிடத் திறம் ஸ்ரூடியோ இல்லை, மூட்டைகளுக்கு முகத்தைக் காட்டி இருந்து பாடுங்கோ, தூசு தொண்டையில பிடிக்கும், பக்கத்தில சுடுதண்ணி வையுங்கோ. ரெண்டும் இல்லாட்டி மெத்தையைச் சுவரில சாய்ச்சு நிப்பாட்டி, கயித்தில போர்வையைத் தொங்கவிட்டு, நிலத்தில பாயை விரிச்சு, அறையின்ர மூலைக்குப் போகாமல் கொஞ்சம் தள்ளி இருங்கோ. அலுமாரிக் கதவைத் திறந்து வைச்சா உள்ள தொங்கிற உடுப்பும் உதவும்.

நேரம் எடுக்கிறது பெரிய வில்லங்கம். தகரக் கூரை எண்டா மத்தியானம் வெயிலுக்கு விரிஞ்சு "டக் டக்" எண்டும், மாலையில ஆறேக்கயும் எண்டும். விடியக் காலமை எண்டா கோயில் ஸ்பீக்கர், பிறகு மயில் அகவும், பள்ளிக்கூட நேரம் ஆட்டோவும் உழவு மெசினும். மாரியில தவளை இரவு முழுக்கக் கச்சேரி. காட்டுக்கரைக் கிராமங்களில யானை வெடி எப்ப கொளுத்துவினம் எண்டு ஆருக்கும் தெரியாது, நல்ல ரேக் ஒண்டின்ர கடைசி அடியில அது போய் வெடிக்கும். எனக்குச் சரிவாற நேரம் இரவு ஒன்பதரைக்குப் பிறகு, அயலட்டை ரிவி நிண்ட பிறகு.

கரண்ட் கட் எண்டா எல்லாரும் திட்டுவினம், பதியிற ஆளுக்கு அது நல்ல நேரம். ஃபான் நிண்டிடும், ஃபிரிஜ் நிண்டிடும், அதைவிட முக்கியம் கரண்டின்ர இரைச்சல் நிண்டிடும். எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், கிற்றாரின்ர ஆகத் தடிச்ச கம்பி 82 ஹேர்ட்ஸ் கிட்ட, அந்த "ம்ம்ம்" இரைச்சல் அடிச் சத்தத்துக்கு மிச்சம் கிட்ட வந்து ஒட்டிக்கொள்ளும், பேந்து பிரிக்கிறது கஷ்டம். பீற்றில்ஸ்சில இருந்த ஜோன் லெனன் 1970களின்ர கடைசியில நியூயோர்க் வீட்டில பியானோ வாசிச்சுக் கசெற்றில பாடி வைச்ச 'நவ் அண்ட் தென்' எண்ட டெமோவுக்கு நடந்ததைப் பாருங்கோ. பீற்றில்ஸ்சின்ர மிச்ச மூண்டு பேரும் 1995 இல அதை எடுத்துப் பாட்டாக்கப் பாத்தவை, குரலும் பியானோவும் ஒண்டோடொண்டு சேர்ந்திருக்கு, அதுக்கு மேல கரண்ட் இரைச்சலும், விட்டிட்டினம். குரலைத் தனியப் பிரிச்செடுக்கிற கணினித் தொழில்நுட்பம் வந்த பிறகுதான், 2023 நவம்பரில, பாட்டு வெளியில வந்தது. அதுக்குள்ள ஹரிசனும் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது போனைச் சார்ஜரில இருந்து கழட்டிப்போட்டுப் பதியிறது மட்டும்தான்.

போனை வைக்கிறது

அனேகமான போனுகளுக்கு மைக் அடிப்பக்கத்தில, சார்ஜர் குத்துற இடத்துக்குப் பக்கத்தில இருக்கு. அந்தப் பக்கம் உங்களைப் பாக்கோணும். கவரைக் கழட்டுங்கோ. மேசையில படுக்க வைச்சா மேசை அதிர்றதும் சேர்ந்து பதியும், கதிரையில தலையணையை வைச்சு அதில சாய்ச்சு வையுங்கோ. தூரம் ஒரு முழம், உயரம் நெஞ்சுக்கும் நாடிக்கும் நடுவில. கேட்டுப் பாருங்கோ: குரல் அமுங்கியிருந்தா போனை மேல உயர்த்துங்கோ, கிற்றார் அமுங்கியிருந்தா கீழ இறக்குங்கோ. கிற்றாரின்ர வட்ட ஓட்டைக்கு நேர வைக்காதேங்கோ, "பூம் பூம்" எண்டு அடைக்கும், கழுத்தும் உடம்பும் சேர்ற பக்கமாக் கொஞ்சம் சரிச்சா கம்பிச் சத்தம் துலக்கமா வரும்.

ஏரோபிளேன் மோடில போடுங்கோ, நடு அடியில மாமி கோல் எடுப்பா. ரெக்கோடர் ஆப்பின்ர செற்றிங்குக்குள்ள போய் இரைச்சல் குறைக்கிறது எண்டு ஏதும் இருந்தா நிப்பாட்டுங்கோ, அது பேச்சுக்குச் செய்தது, கிற்றார் கம்பி மெல்ல அடங்கி வாறதை இரைச்சல் எண்டு நினைச்சு வெட்டிப்போடும். தரத்தை வேவ் எண்டு வைக்க ஏலுமெண்டா வையுங்கோ, ஸ்ரீரியோவில நிமிசத்துக்குப் பத்து எம்பி கிட்டப் போகும், மோனோ எண்டா அஞ்சு. இடம் இல்லாத போன் எண்டா ஆக உயர்ந்த தரத்தில எம்பி3 காணும், அழத் தேவையில்லை. ஆகச் சத்தமான பல்லவியை முதல்ல ஒருக்கா பாடிப் பதிஞ்சு பாருங்கோ, மீற்றர் உச்சியில முட்டிச் சிவந்தா சத்தம் வெடிச்சுப் பதிஞ்சிடும், அதைப் பேந்து ஒருத்தராலயும் திருத்த ஏலாது, ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி வையுங்கோ.

பதியத் தொடங்க முதல் ரியூன் பாருங்கோ, ஒவ்வொரு ரேக்குக்கும் முதல் பாருங்கோ. எங்கட வெக்கைக்குக் கம்பி இளகிச் சுருதி இறங்கும், பின்னேரம் சரியா இருந்தது இரவு சரியா இராது. புதுக் கம்பி போட்ட அண்டைக்குப் பதியாதேங்கோ, ஒண்டு ரெண்டு நாள் வாசிச்சு இழுபட்ட பிறகு பதியுங்கோ.

ரேக் எடுக்கிறது

முதல்ல தொடக்கம் முடிவு பிழை விட்டாலும் நிப்பாட்டாமல் ஒருக்கா பாடுங்கோ. பிழை விட்ட உடன நிப்பாட்டிப் பழகினா முதல் அடி மட்டும் நல்லாப் பாடுற ஆளாத்தான் வருவீங்கள். ஒரு இருப்பில மூண்டு நாலு ரேக்குக்கு மேல வேண்டாம், தொண்டையும் கட்டும் பாட்டும் வெறுக்கும். உடன கேட்டுத் தெரிவு செய்யாதேங்கோ, அடுத்த நாள் காலமை கேளுங்கோ. சின்ன விரல் பிசகு இருக்கிற, ஆனா சொல்லைச் சொல்லுறது உண்மையா இருக்கிற ரேக்கை வையுங்கோ. நாய் குலைச்சது ஒரு இடத்தில மெல்லிசாக் கேட்டா விடுங்கோ. யானை வெடி எண்டா திருப்பி எடுங்கோ.

இன்னும் ஒண்டு சேர்க்க ஆசையா இருந்தா, ரெண்டாவது குரலோ ஒரு ஹார்மோனிக்காவோ, பாண்ட்லாப் எண்ட ஆப் இலவசம், அன்ட்ரொயிட்டிலயும் ஐபோனிலயும் ஓடும், முதல் ரேக்கை அதில ஏத்திட்டு ஹெட்செற்றில கேட்டுக்கொண்டு மேல பாடலாம். வயர் ஹெட்செற் பாவியுங்கோ, புளூடூத் எண்டா சத்தம் பிந்தி வரும், தாளம் ஒருநாளும் ஒட்டாது. லப்ரொப் இருந்தா ஓடாசிற்றி. ஸ்பிரிங்ஸ்ரீனுக்கு நாலு ட்ராக்தான் இருந்தது, நீங்களும் நாலோட நில்லுங்கோ, ஆப் கனக்க ட்ராக் தருதெண்டு எல்லாத்தையும் நிரப்பினா பிறகு ஏன் கழட்டினனீங்கள்.

எக்கோ, ரிவேர்ப் போடுறதெண்டா ஒரு சொட்டு. குளியலறையில பாடினது மாதிரிக் கேட்டா கூடிப்போச்சு.

வெளியில விடுறது

நண்பருக்கு வட்ஸ்அப்பில அனுப்பேக்க சாதாரண ஓடியோவா அனுப்பாமல் டொக்கியுமென்றா அனுப்புங்கோ, இல்லாட்டி அது அமத்திச் சின்னனாக்கிப்போடக்கூடும். யூரியூப்பில போட்டா பாட்டின்ர உரிமைக்காரரின்ர பேரில கிளெய்ம் வரலாம், அனேகமா விளம்பரக் காசு அவைக்குப் போகும், சிலவேளை சில நாடுகளில வீடியோ மறைபடும், உங்கட சனலுக்கு வாற ஸ்ரைக் வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிப் பயப்பிடாதேங்கோ. ஆனா மெட்டு அதே மெட்டு, சொல்லைத் தமிழாக்கிப் பாடி வெளியிடுறதெண்டா அதுக்கு அனுமதி கேக்கோணும். இலங்கையின்ர 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவர் செத்து 70 வருசம் வரை உரிமை இருக்கு, ஆக நாங்கள் கதைச்ச ஒரு பாட்டும் இன்னும் பொதுச் சொத்தாகேல்லை. தலைப்பில ஒரிஜினல் பாண்டின்ர பேரை எழுதுங்கோ, பாட்டை எழுதின ஆளின்ர பேரையும் எழுதுங்கோ, டெமோ எண்டு எழுதாதேங்கோ, அது அவையின்ரது, உங்கடது கவர்.

கடைசியா ஃபைலுக்குப் பேர் வையுங்கோ. ரெக்கோடர் தானா வைக்கிற இலக்கத்தோட விட்டா ரெண்டு மாசத்தில எது எதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பாட்டு, கீ, கேப்போ எந்தக் கட்டில, திகதி, அவ்வளவும் பேரிலயே இருக்கட்டும். மெமரி கார்ட்டில ஒரு பிரதி, வேற ஆரும் ஒருத்தற்ற போனிலயோ லப்ரொப்பிலயோ இன்னொரு பிரதி. தெரிவு செய்யாத ரேக்குகளையும் உடன அழிக்காதேங்கோ, அடுத்த பாட்டைப் பதிஞ்சு முடிச்ச பிறகு எடுத்துக் கேட்டுப்போட்டு அழியுங்கோ.